ஒருக்காத்தானுங்க கேட்டீங்க

செத்துப்போனவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டுவேன். இருந்தபோது முகத்துக்கு நேராகத் திட்டியது போதவில்லை, இன்னும் பாக்கி நிறைய இருக்கிறது.

என் வீட்டுக்காரருக்குத் தாய்மாமன் அவர். பல்லடத்துக்குத் தெற்கே தென்னந்தோப்பும் கோழிப்பண்ணையுமாக இருந்தவர். மாமி தவறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகன் மஸ்கட்டில். நல்ல மனுஷன், தங்கமான குணம், எறும்புக்கும் வழிவிட்டு நடப்பார் என்று சொந்தத்தில் எல்லாரும் சொல்வார்கள். சொன்னவர்களில் ஒருத்தருக்கும் அவரை வீட்டில் வைத்துச் சோறு போடும் பாக்கியம் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது. அதுவும் ஊரடங்கில்.

கண்புரை ஆபரேஷனுக்காகக் கோயமுத்தூர் வந்தார். "ரெண்டு நாள்தானுங்க அம்மணி. கட்டுப் பிரிச்சதீம் கெளம்பீருவனுங்க" என்று ஒரு சின்ன ரெக்சின் பையோடு கவுண்டம்பாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரவும் மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது. அவருக்குக் கட்டுப் பிரித்த கையோடு நாட்டையே பூட்டிவிட்டார்கள். பஸ் இல்லை, ரயில் இல்லை, எல்லாச் சாலையிலும் போலீஸ். ரெண்டு நாள் விருந்தாளி ரெண்டு மாசத்துக்கு மேல் எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டார். நாங்களும் அவரிடம் மாட்டிக்கொண்டோம்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்தவரிடம் சாப்பிடுங்க என்றால், "வேண்டாமுங்க, இப்பத்தான் ஆச்சுங்க" என்பார். வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். அட, ஒரு வாய் சாப்பிடுங்க என்று நாம் மறுபடி சொல்வோம். "இருக்கட்டுமுங்க" என்பார். மூன்றாவது தடவை கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தால், என்னமோ நமக்காகத்தான் சாப்பிடுகிறவர் மாதிரி உட்கார்ந்து, ரசம் வரை ஒரு கை பார்த்துவிட்டு எழுந்திருப்பார். நாங்கள் எல்லாரும் இப்படி வளர்ந்தவர்கள்தான். ஆனால் காலம் மாறிப்போனதில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டோம். அவர் மட்டும் விடவில்லை.

மாமி இருந்தபோது ஒரு கதை சொல்லித் தலையில் அடித்துக்கொள்வாள். ஒரு தடவை மஞ்சளை மண்டியில் போட ஈரோட்டுக்குப் போனவர், மத்தியான நேரத்தில் ஒரு பங்காளி வீட்டில் தலைகாட்டினாராம். அந்த வீட்டு அம்மா சாப்பிடறீங்களா என்று கேட்டிருக்கிறாள். இவர் வேண்டாமுங்க என்றிருக்கிறார். அந்த நேரம் பார்த்து அவளுக்குப் போன் வர, உள்ளே போனவள் பேச்சில் மறந்துவிட்டாள். இவர் கூடத்தில் உட்கார்ந்து சாம்பார் வாசனையை முகர்ந்துகொண்டே மூன்று மணி வரை இருந்துவிட்டு, "போயிட்டு வாரனுங்க" என்று எழுந்து வந்து, பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் நாலு பன்னை டீயில் முக்கித் தின்றாராம். "வாயத் தொறந்து கேட்டா என்னங்க?" என்று நான் அவரிடமே கேட்டேன். "அவங்க வேலையா இருந்தாங்க அம்மணி. நாம போயிச் சோறு போடுன்னு சொல்றதுங்களா?" என்றார்.

இதே மனுஷன் தன் தோட்டத்துக்கு நாம் போனால் வேற ஆள். போதும் என்ற சொல்லே அவர் காதில் ஏறாது. இலையைக் கையால் மறைத்தால் விரலுக்கு மேலேயே குழம்பை ஊற்றுவார். என் மகள் ஒரு தடவை அழுதேவிட்டாள்.

சரி, ஊரடங்குக்கு வருகிறேன். அந்த நாட்களில் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். எனக்குச் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் சம்பளப் பிரிவில் வேலை. அது அப்படியே படுக்கையறைக்கு வந்து சேர்ந்தது. என் வீட்டுக்காரர் பம்ப்செட் கம்பெனியில் விற்பனை மேனேஜர். விற்பனையே இல்லாத நாளில் அவருக்கு எதற்கு அத்தனை மீட்டிங்கோ, சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டார். மகளுக்குக் காலேஜ், கட்டிலில். ஒரு வாரத்தில் வீட்டில் நேரம் என்பதே செத்துப்போனது. பதினொன்றரைக்கு இட்லி, நாலு மணிக்குச் சோறு. ராத்திரிக்கு அவரவர் இஷ்டம். மகள் நினைத்தபோதெல்லாம் நூடுல்ஸ் கிண்டினாள். யூடியூபைப் பார்த்துக் குக்கரில் கேக் வைத்தாள், அது அடியில் கரியும் மேலே மாவுமாக வந்தது. ஊரே அடித்துக் கலக்கிய அந்த நுரைக் காபியை அவளும் கை ஓய அடித்தாள். நான் ஒரே தடவையில் குழம்பும் பொரியலும் செய்து மூடி வைத்துவிடுவேன். பசித்தவர்கள் தட்டில் போட்டுக்கொண்டு போய் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துகொள்வார்கள். ஒரு வீட்டுக்குள் மூன்று ஓட்டல் நடந்தது, பரிமாற ஆள்தான் இல்லை.

அவரிடமும் அதையேதான் சொன்னேன். "மாமா, எல்லாம் செஞ்சு வெச்சிருக்கறனுங்க. பசிச்சா எடுத்துப் போட்டுக்குங்க."

"சேரிங்க அம்மணி" என்றார்.

சரி என்றாரே, அதுதான் வினை. அடுத்த வீட்டு அடுக்களையில் போய்ச் சட்டியைத் திறக்கிற ஆளா அவர்? தோட்டத்தில் காலை ஏழரைக்குச் சாப்பிட்டு, பன்னிரண்டுக்குச் சோறுண்டு, பொழுது சாயச் சாய ராத்திரிச் சாப்பாட்டை முடிக்கிற உடம்பு. இங்கே ஹாலில் ஜன்னலோரமாக ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு சும்மா உட்கார்ந்திருப்பார். நான் ஒரு மீட்டிங்குக்கும் இன்னொரு மீட்டிங்குக்கும் நடுவில் தண்ணீர் குடிக்க ஓடி வருவேன். "மாமா, சாப்பிடறீங்களா?" என்பேன். "இருக்கட்டுமுங்க, நீங்க வேலையப் பாருங்க" என்பார். நானும் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். வேறு என்ன செய்ய? பசியில்லை போல, வயசானவர், கொஞ்சமாகத்தான் சாப்பிடுவார் என்று நினைத்தேன்.

சாப்பாடு மட்டுமா? ஹீட்டர் போடட்டுமா என்றால் வேண்டாம் என்று பச்சைத் தண்ணீரில் குளிப்பார். ஃபேன் போடட்டுமா என்றால் வேண்டாம், வேர்த்துக் கொட்டும். கண்ணுக்கு மருந்து விட வேண்டும். நான் விடட்டுமா மாமா என்று கேட்டேன். "நானே உட்டுக்கறனுங்க" என்றார். ஒரு நாள் பார்க்கிறேன், மனுஷன் கண்ணாடி முன்னால் நின்று மருந்தை மூக்கிலும் கன்னத்திலும் விட்டுக்கொண்டிருக்கிறார். கண்ணைத் தவிர எல்லா இடத்துக்கும் வைத்தியம் நடந்திருக்கிறது. ஆபரேஷன் பண்ணின கண்ணுங்க அது! சீழ் கட்டினால் எந்த ஆஸ்பத்திரிக்கு எந்தப் போலீஸைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போவேன்? பிடுங்கி நானே விட்டேன். விடும்போது "போச்சாதுங்க, போச்சாதுங்க" என்று முனகினார். பரவாயில்லை என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் அது. அவர் வாயில் அது சாமி பேர் மாதிரி, எதற்கெடுத்தாலும் வரும்.

அவருக்குச் சர்க்கரை இருந்தது எனக்குத் தெரியும். மாத்திரையை மட்டும் மணி தவறாமல் போட்டுக்கொள்வார் என்பது தெரியாது. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு, பதினொன்றரை இட்லிக்குக் காத்திருந்திருக்கிறார். அந்த இட்லிக்கும் நான் ஒரு தடவை கேட்டு, அவர் இருக்கட்டும் என்று சொல்லி, அதுவும் போயிருக்கிறது.

ஒரு காலையில் மகள் அலறினாள். நான் மீட்டிங்கை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். நாற்காலியில் சரிந்து கிடந்தார். சட்டை முழுக்க ஈரம், கை நடுங்கியது, கேட்டால் வாய் குழறியது. சர்க்கரை ஒரேயடியாக இறங்கிப்போயிருக்கிறது. மகள்தான் கெட்டிக்காரி. அடித்து வைத்திருந்த காபி நுரை இருந்ததே, பாதி சர்க்கரைதானே அது, அதை ஸ்பூனில் வழித்துக் கொஞ்சம் கொஞ்சமாக அவர் நாக்கில் தடவினாள். மனுஷன் சப்புக்கொட்டிச் சப்புக்கொட்டி விழுங்கினார். கொஞ்ச நேரத்தில் பார்வை ஒரு நிலைக்கு வந்தது. என்னைப் பார்த்தார்.

"மீட்டிங் முடிஞ்சுதுங்களா அம்மணி?" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "மாமா, உங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவிருக்குதுங்களா? பசிக்குதுன்னா பசிக்குதுன்னு சொல்லித் தொலைய வேண்டீதுதானுங்களே! வாயில என்ன கொழுக்கட்டையா? நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா மாமனப் பட்டினி போட்டுக் கொன்னவள்னு ஊரு என்னயத்தானுங்க பேசும்! நான் வந்து வந்து கேட்டனா இல்லீங்களா?"

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்பத் தயங்கி, ரொம்ப மெதுவாக, என் மனசு நோகக் கூடாதே என்று, சொன்னார்.

"கேட்டீங்க அம்மணி. ஒருக்காத்தானுங்க கேட்டீங்க."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பதா, அவரை அப்படியே தூக்கிக் கொண்டுபோய் மதுக்கரை சிமெண்டு ஆலையில் மூட்டையோடு மூட்டையாக இறக்கிவிட்டு வருவதா என்று தெரியவில்லை. அப்புறம் திரும்பி வந்து பார்த்தால் லேப்டாப்பில் மைக் ஆனிலேயே இருந்திருக்கிறது. மொத்தப் பிரிவும் கேட்டிருக்கிறது. என் மேனேஜர் ஹைதராபாத்துக்காரர், தமிழ் தெரியாது. ஆனாலும் அன்றைக்கு முழுவதும் என்னிடம் பயந்து பயந்துதான் பேசினார்.

அன்றோடு கேள்வி கேட்பதை நிறுத்தினேன். ஏழரைக்குத் தட்டு, பன்னிரண்டரைக்குத் தட்டு, ஆறரைக்குத் தட்டு. "மாமா, வாங்க." அவ்வளவுதான். அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட மாட்டார், மாப்பிள்ளை சாப்பிடலீங்களா, கண்ணு சாப்பிடலீங்களா என்று எழுந்து எழுந்து பார்ப்பார். அதனால் லேப்டாப்பை மூடிவிட்டு எல்லாரும் வந்தாக வேண்டும். என் வீட்டுக்காரர் முனகினார். மகள் சாயங்காலம் ஆறரைக்கு ராத்திரிச் சாப்பாடா என்று குதித்தாள். மேனேஜரிடம் மத்தியானம் முக்கால் மணி நேரம் நான் இருக்க மாட்டேன் என்று சொன்னேன், அவர் எதிர்க் கேள்வியே கேட்கவில்லை. அரிசிம்பருப்புச் சாதம், கொள்ளு ரசம், பச்சைப்பயறு கடைசல் என்று அவருக்காகச் செய்யப் போய் நூடுல்ஸ் தானாக நின்றது. என் வீட்டுக்காரருக்கு வருடக்கணக்காக இருந்த நெஞ்செரிச்சல் போயிற்று. இதையெல்லாம் அவருடைய பெருமையாக நான் சொல்லவில்லை. ஒரு மனுஷன் வாயைத் திறக்காததால் ஒரு குடும்பமே மணி அடித்தாற்போல் எழுந்து உட்கார வேண்டியிருந்தது, அந்த ஆத்திரத்தில் சொல்கிறேன்.

இரண்டாம் கரண்டிக்கு மறுபடி அதே கூத்து. "போதுங்க, போதுங்க." போகப் போகக் கண்டுபிடித்தேன். கையைத் தட்டுக்கு நேர் மேலே விரித்து வைத்தால் நிஜமாகவே போதும். கை பேருக்கு ஓரத்தில் நின்றால் பசி இருக்கிறது, ஊற்று என்று அர்த்தம். வாயைப் பார்க்காதே, கையைப் பார் என்று மகளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். நாங்கள் பேசாமல் கையைப் பார்த்துப் பரிமாறினோம். அவர் உடம்பு தேறியது.

இ-பாஸ் கிடைத்து ஊருக்குக் கிளம்பியபோது, "ரொம்பத் தொந்தரவு குடுத்துப்போட்டனுங்க" என்றார். ஆமாங்க என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கும் எனக்கு அவர்மேல் எரிச்சல்தான் வந்தது. அதன் பிறகு வாரம் தவறாமல் போன் பண்ணுவார். எடுத்ததும் முதல் கேள்வி, "சோறு உண்டாச்சுங்களா அம்மணி?" அதற்கு அப்புறம்தான் மழை, தேங்காய், கோழி எல்லாம்.

அடுத்த வருடம் இரண்டாவது அலையில் அவருக்குக் கொரோனா வந்துவிட்டது. தோட்டத்துக்குப் பக்கத்துக்காரர்கள் திருப்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மகனால் மஸ்கட்டிலிருந்து வர முடியவில்லை. எங்களையும் உள்ளே விட மாட்டார்கள். போன் ஒன்றுதான். காலையும் சாயங்காலமும் கூப்பிடுவேன்.

"மூச்சு வாங்குதுங்களா மாமா?"

"அதெல்லாம் இல்லீங்க. போச்சாதுங்க."

"நெஜமாச் சொல்லுங்க. மூச்சு வாங்குதுங்களா?"

"நல்லா இருக்கறனுங்க."

"மாமா, மூணாவது தடவ கேக்கறேன்!"

"பக்கத்துக் கட்டல்ல ஒரு சின்னப் பையன் அம்மணி... ரொம்பச் செரமப்படறான்... நர்சுங்க பாவம், அவனையே பாத்துட்டு இருக்கறாங்க."

மூன்றாவது தடவை கேட்டும் சொல்லவில்லையே, பாவி மனுஷா! இத்தனை வருடம் காப்பாற்றின சட்டத்தை அன்றைக்குப் பார்த்து உடைத்துவிட்டார். போனில் கை தெரியாது. எதைப் பார்த்து நான் கண்டுபிடிக்க? அடுத்த நாள் காலையில் கூப்பிட்டபோது சோறு உண்டாச்சா என்று அவர் கேட்கவே இல்லை. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே இழுத்து இழுத்து நிறுத்தினார். பக்கத்தில் இருந்த நர்சிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"இப்பத்தானுங்க்கா கேட்டேன். ஒரு செரமமும் இல்லைன்னாருங்க. வெடியக்காலைல வெரல்ல மெஷின் வெச்சுப் பாத்தப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றது அந்தப் பெண். அதன் குரலே களைத்துப்போயிருந்தது.

"கண்ணு, அவருகிட்ட ஒண்ணும் கேக்காதே. கேட்டா செத்தாலும் சொல்ல மாட்டாரு. வெரல்ல மாட்டி இப்பவே பாரு, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

மெஷினை எடுத்து விரலில் மாட்டியது போல. அப்புறம் அந்தப் பெண் யாரையோ கூப்பிடும் குரலும், கால்கள் ஓடும் சத்தமும் கேட்டன. போன் கட்டாகிவிட்டது.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் ஆக்சிஜன் வைத்து வேறு வார்டுக்கு மாற்றினார்கள். நுரையீரல் ஏற்கெனவே ரொம்பக் கெட்டுவிட்டது, கொஞ்சம் முன்னாலேயே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று டாக்டர் என் வீட்டுக்காரரிடம் சொன்னார். முன்னால் எப்படித் தெரியும்? சொல்ல வேண்டியவர் பக்கத்துக் கட்டிலைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டு படுத்திருந்தாரே. அந்தப் பையன் பிழைத்து வீட்டுக்குப் போனான் என்று பிற்பாடு கேள்விப்பட்டோம். நன்றாக இருக்கட்டும். இவர் வரவில்லை. இரண்டு நாளில் போய்விட்டார்.

போவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை பேசினார். வார்டு மாற்றிய மறுநாள் மத்தியானம். அதே நர்சுப் பெண்தான் அந்த வார்டுக்கும் வந்து போனைப் போட்டுக் காதில் வைத்துப் பிடித்திருக்கிறது. உஸ்ஸென்று காற்றுச் சத்தம், அதற்குள்ளிருந்து அவர் குரல்.

"சோறு... உண்டாச்சுங்களா... அம்மணி?"

முந்தின நாள் காலையிலிருந்து எனக்குப் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. அதை அவரிடம் சொல்ல முடியுமா?

"ஆச்சுங்க மாமா" என்றேன்.

"இல்லீங்க" என்றார். "போட்டுக்குங்க."

"அப்பறமாச் சாப்பிட்டுக்கறனுங்க. நீங்க பேசாதீங்க மாமா. அந்த மூச்ச உங்களுக்கு வெச்சுக்குங்க!"

"போட்டுக்குங்க... நான்... இருக்கறேன்."

வேண்டாமுங்க என்று வாய் வரைக்கும் வந்தது. காற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் வைக்கிற மாதிரி இல்லை. நான் அடுக்களைக்குப் போய்ப் போனை மேடையில் வைத்து, அவருக்குக் கேட்கட்டும் என்று தட்டைச் சத்தமாகவே எடுத்தேன். மகள் வடித்து வைத்திருந்த சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றி நின்றபடியே பிசைந்தேன். அழுகையில் எனக்கு உப்பு உறைப்பு எதுவும் தெரியவில்லை. அவ்வளவு கோபம் அவர்மேல். ஒரு வாய் வைத்தேன். சாப்பிடறேனுங்க மாமா என்றேன். இன்னொரு வாய் வைத்தேன்.

"இன்னுங்... கொஞ்சம்" என்றார்.

போட்டுக்கொண்டேன்.